பெக்கேஜில் வராத பேனை

கௌரி செய்த பேனையைக் கையில் வாங்குகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இது எழுதுமோ?"

சட்டை தைத்துத் தருகிறவளிடம் இதைப் போடலாமோ என்று யாரும் கேட்பதில்லை. கேக் அடிக்கிறவளிடம் தின்னலாமோ என்று கேட்பதில்லை. தின்றுவிட்டுத்தான் குறை சொல்வார்கள். பேனை செய்தவளிடம் மட்டும் இந்தச் சந்தேகம். கௌரி முதலில் பொறுமையாக "ஓம், எழுதும்" என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு "எழுதாது, காது குடையலாம்" என்றாள். அதை அவளுடைய அத்தான் நவரத்தினம் மெய்யென்று எடுத்துக்கொண்டார். அவள் முதன்முதலில் உருப்படியாகக் கடைந்த பேனை அவருடைய காதுக்குள் போய்த் திரும்பி வந்தது.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடி ஃபிளட். முன்னறைகளில் அக்கா றஞ்சிதமும் அத்தானும் அவர்களுடைய மகள் தாரிகாவும். பின்னறையில் கௌரி. நாற்பதைத் தாண்டியவள், கலியாணம் செய்யவில்லை, ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் நம்பர் கொடுக்கிற வேலை. அங்கே சும்மா இருந்த ஒரு பொழுதில்தான் கைபேசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் மரக்கட்டையைச் சுழலவிட்டுப் பேனை கடைவதைப் பார்த்தாள். சீவல் நாடா நாடாவாகச் சுருண்டு விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நம்பரை மாற்றிக் கூப்பிட்டுவிட்டாள். பல் துப்புரவாக்க வந்தவர், பல் பிடுங்குகிற கதிரையில் போய் இருந்தார். நல்லவேளை, அந்த டொக்டர் கேட்டுவிட்டுத்தான் பிடுங்குவார்.

மேசையில் வைக்கக்கூடிய சின்ன லேத் ஒன்றை வரவழைத்துப் பின் பல்கனியில், வோஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் பூட்டினாள். படிப்பித்தது கைபேசியும் அவளுடைய பிழைகளும்தான். கட்டைக்குள் நீளத்துக்குத் துளை போட்டு, பித்தளைக் குழாயை ஒட்டி, சுழலவிட்டு உளியால் கடையவேண்டும். உளியைப் பிழையாகச் சரித்தால் மரத்தில் கொளுவும். கொளுவினால் கட்டை வெடிக்கும். முதல் கட்டை வெடித்து, கீழ்வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த சாரத்தில் போய் விழுந்தது. ஒருநாள் பெருவிரலும் சுட்டுவிரலும் குளூவில் ஒட்டிக்கொள்ள, அப்படியே வேலைக்குப் போனாள். அவள் தியானம் பழகுகிறாள் என்று நினைத்து நோயாளிகள் மெதுவாகக் கதைத்தார்கள்.

புறக்கோட்டைக்குத் துளை அலகு வாங்கப் போனால் இன்னும் மோசம். "மஹத்தயாவை அனுப்புங்கோ நோனா, அவருக்கு நான் விளங்கப்படுத்துறன்" என்று கடைக்காரன் சிங்களத்தில் சொல்வான். கௌரிக்கு மஹத்தயா என்று அனுப்ப ஒரு புருஷன் கிடையாது. என்ன அளவில் அலகு வேண்டும் என்பது தெரியும். அது போதாதாம்.

இப்படி இருக்கையில்தான் தாரிகாவுக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை ஹரிசன், நுகேகொடையில் வேலை. பதிவும் தாலிகட்டும் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில். தாரிகா கையெழுத்துப் போடுகிற பேனை தன்னுடைய பேனையாக இருக்கவேண்டும் என்று கௌரி தீர்மானித்தாள். நகை போடத் தாய் இருக்கிறாள், கூறைச் சீலை எடுக்க மாப்பிள்ளை வீட்டார் இருக்கிறார்கள். சித்தி என்று இருக்கிறவளிடம் கொடுக்க இருந்தது இது ஒன்றுதான். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் எழுதுமோ என்பார்கள்.

மொறட்டுவையில் தளபாடம் செய்கிறவரிடம் கேட்டு வாங்கிய முதிரை மரத்துண்டு. தேன் நிறம். பேனையின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்குமாகக் கட்டையை இரண்டாக அறுக்கவேண்டும். திரும்பச் சேர்க்கும்போது மரத்தின் ரேகை மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் ஓடவேண்டும். ஒருமுறை கீழ்ப்பாதியைத் தலைகீழாகப் பூட்டிவிட்டாள். வேறு யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். கௌரி கவனித்துவிட்டாள். அதனால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

முடித்துக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டினாள்.

"நல்ல வடிவு" என்றாள் றஞ்சிதம், கறிக்கு உப்புப் பார்க்கிறவள் மாதிரி. "ஆனா கையெழுத்துக்கு எட்வேட் பேனை கொண்டு வாறான். இறகு வச்சது."

எட்வேட் கொட்டாஞ்சேனை ஸ்டூடியோக்காரன். படம், வீடியோ, அல்பம், இறகுப் பேனை எல்லாம் ஒரே பெக்கேஜ்.

"அது எழுதுமோ அக்கா?"

"பெக்கேஜில வாறது எழுதாமல் விடுமே? விசரி."

அன்றைக்குக் கௌரி குளூப் போத்தலின் மூடியைக் கோபத்தில் பல்லால் கடித்துத் திறந்தாள். பல் கிளினிக்கில் வேலை செய்கிறவள் செய்யக்கூடாத காரியம்.

கலியாணத்தன்று பேனையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். மேடையில் பதிவாளர் புத்தகத்தை விரித்தார். எட்வேட் இறகை நீட்டினான். மயில்நீலச் சாயம் போட்ட ஏதோ ஒரு கோழியின் இறகு. அது மூக்கில் பட்டு ஹரிசன் தும்மினான். பதிவாளர் வாங்கி ஒரு துண்டுக் கடுதாசியில் கீறிப் பார்த்தார்.

"தம்பி, இது பொன் மை. இதால போடேலாது. கறுப்பு வேணும்." தன் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் பேனையை எடுத்தார்.

"சேர், அது கெமராக்கு வடிவில்லை" என்றான் எட்வேட். சபையைப் பார்த்துக் கேட்டான். "வடிவான பேனை ஆரிட்டையும் இருக்கோ?"

நடுவரிசையில் இருந்த கௌரிக்குக் காது சுட்டது. எழுதுவதற்கு அல்ல, வடிவுக்காம். கைப்பையை மடியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

றஞ்சிதம் சீலை சரசரக்க இறங்கி வந்தாள்.

"கௌரி, அந்தப் பேனை கொண்டந்தனியோ?"

"எந்தப் பேனை?"

"நீ செய்தது."

"கொண்டந்தனான். ஆனா எழுதுமோ தெரியாதக்கா."

"பகிடி விடுற நேரமே இது? சுபநேரம் போகுது."

"பெக்கேஜில வேற ஏதும் இருக்கோ எண்டு எட்வேட்டைக் கேளுங்கோ."

மேடையில் நவரத்தினத்துக்குப் பொறுமை போய்விட்டது. "பதிவாளற்றை பேனை இருக்குத்தானே, அதால போடட்டும்" என்று பிளாஸ்டிக் பேனையை மகளுடைய கையில் திணித்தார். கௌரி பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போகலாம். போனால், வடிவுக்குக் கேட்டவர்களுக்கு வடிவுக்குக் கொடுத்ததாக ஆகும். போகாவிட்டால் தாரிகா இந்த இடத்தில், இந்த நிமிடத்தில், கடைப் பேனையால் எழுதிவிடுவாள்.

தாரிகா எழுதவில்லை. பிளாஸ்டிக்கை மேசையில் வைத்தாள்.

"சித்தி, நீங்களே கொண்டு வாங்கோ. அது எழுதும். உங்கட மேசை லாச்சியில இருந்து எடுத்து எழுதிப் பாத்தனான். புதுக் கையெழுத்துப் பழகினதே அதாலதான்."

கௌரிக்கு முதலில் வந்தது கோபம்தான். கேட்காமல் லாச்சியைத் திறந்திருக்கிறாள். அந்த மண்டபத்தில் மரத்தூள் பறக்க வழியே இல்லை. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடை ஏறினாள்.

தாரிகா பேனையைத் திருகினாள். முனை வெளியே வந்தது. எழுதினாள். ஹரிசன் எழுதினான். சாட்சிக்கு நவரத்தினம் எழுதினார்; எழுதிவிட்டு யோசனையில்லாமல் காதுப்பக்கம் கொண்டுபோக, கௌரி பறித்துத் தாரிகாவின் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

"சுப்பர்" என்றான் எட்வேட். "இப்ப அல்பத்துக்கு இறகோட ஒருக்கா எடுப்பம். சும்மா பிடிச்சால் போதும், எழுத வேண்டாம். அன்ரி, அங்கிள், நீங்களும் பின்னால நில்லுங்கோ."

எழுதியது முதிரை. காலம் முழுக்க அல்பத்தில் இருக்கப்போவது கோழி. இதைக் கேட்க ஆளில்லையா இந்த ஊரில்?

கௌரி பின்னால் நிற்கவில்லை. மேசைக்குப் பக்கத்தில் வந்து, மணமகளின் சங்கிலியைச் சரிசெய்கிற சாட்டில் கையை நீட்டி நின்றாள். சீலைத் தலைப்பு இறகுக்கு முன்னால் தாராளமாக விரிந்தது.

"அன்ரி, கொஞ்சம் இடப்பக்கம்."

இடப்பக்கம் போனாள். தாரிகா சிரிப்பை அடக்கிக்கொண்டு இறகையும் இடப்பக்கம் கொண்டுவந்தாள்.

"அன்ரி, இறகு தெரியேல்லை."

"ஓமோ தம்பி? இப்ப பாருங்கோ" என்று கௌரி இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தாள்.