கேட் தூணில் அத்தையின் கை

முதலாளி ஐயா, எங்கள் அத்தையின் கையைத் திருடியவர் நீங்கள். உங்கள் எஸ்டேட் கேட்டின் வெள்ளைத் தூணில், கண்ணாடிக்குப் பின்னால், செம்மண்ணில் பதிந்திருக்கிறதே ஒரு கை, அதைத்தான் சொல்கிறேன். அதில் சுண்டுவிரல் வளைந்திருக்கும். சிறுவயதில் அரிவாள் பட்ட விரல் அது.

சேர்வராயன் மலையில், கொட்டச்சேட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பஸ் ரோட்டுக்குப் போகும் தடம் உங்கள் காப்பித் தோட்டத்துக்குள்தான் போகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் அதை மறித்துக் கேட் போட்டீர்கள். பிடுங்கி எறிந்தோம். போலீஸ் வந்து அடித்தது. பிறகு நீங்களே சமாதானம் பேச வந்தீர்கள், தடத்தை மறிக்க மாட்டேன் என்றீர்கள். எங்கள் ஊரில் பகை தீர்ந்தால் செம்மண்ணைக் குழைத்து ஒருவர் சுவரில் மற்றவர் கை பதிப்போம். இரண்டு கையும் பதிந்தால்தான் தீர்ந்தது. ஊருக்காக அத்தை வந்து உங்கள் தூணில் கையை அழுத்தினார். "ஏனுங்க, உங்க கை எங்கூட்டுச் செவுத்துக்கு எப்பங்க வரும்?" என்று கேட்டார். போட்டோ எடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். "நாளைக்கே வர்றேன், போம்மா" என்றீர்கள்.

அத்தை சுவரை மெழுகி, செம்மண் சட்டியோடு காத்திருந்தார். மண் காயக் காயத் தண்ணீர் ஊற்றிக் குழைப்பார். "மாப்பிள்ளை வர்றாரு, நொம்ப நல்லாக் குழை" என்று மாமா கேலி செய்வார். "வெச்ச கைய நான் திருப்பி எடுக்க முடியுங்களா?" என்பார் அத்தை.

நீங்கள் வரவில்லை. அந்தக் கைக்குக் கண்ணாடி போட்டீர்கள். கீழே 'மலை மக்களோடு எங்கள் நட்பின் சின்னம்' என்று பலகை வைத்தீர்கள். அடுத்த மழைக்காலத்தில் மறுபடி கேட்டை மாட்டிப் பூட்டினீர்கள்.

ஒரு மத்தியானம், வயிற்றுவலியில் துடித்த அத்தையைக் கட்டிலோடு உங்கள் கேட்டுக்குத் தூக்கி வந்தோம். "சாவி பங்களாவுல இருக்குதுங்க. ஐயா தூங்குறாருங்க, எழுப்புனா என் வேலை போயிரும்" என்றான் வாட்ச்மேன். மழையில் அந்தத் தூணுக்குக் கீழே கட்டிலை இறக்கினோம். அத்தை தன் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். "கண்ணு, அதை அழிச்சுரு" என்றார். பாய்ந்து சுரண்டினேன். கண்ணாடிமேல் என் நகம் வழுக்கியது. சுற்று வழியில் தூக்கிப் போனோம். பாதி மேட்டில் மூச்சு நின்றது.

இன்று உங்கள் விருந்தாளிகள் அந்தக் கண்ணாடியில் கை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அத்தை மெழுகிய சுவர் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மாலையோடு வருவீர்களே, அங்கே, அத்தனை சனத்துக்கு முன்னால், மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்: உங்கள் கை ஏன் வரவில்லை?