கிளச் தட்டும் நானாவின் இடது காலும்

என் நானாவின், அதாவது என் அண்ணனின், இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று புத்தளம் ஆஸ்பத்திரியில் சொன்னபோது, அவர் டொக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தின நாள் தருவீங்க?"

பத்து நாளைக்கு மேல் தள்ள ஏலாது என்றார் டொக்டர். வெளியே வந்து ஓட்டோவில் ஏறும்போது நானா என்னிடம் சொன்னார்: "பத்து நாள் காணும். கிளச்ச மாத்திடலாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. வீடு பற்றி எரியும்போது வேலிக்குப் பெயின்ட் அடிக்கிற கதையாக அல்லவா இருக்கிறது! மாம்புரி தாண்டும்வரை நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகுதான் மண்டையில் ஏறியது. கிளச் மிதிப்பது இடது காலால். அந்தக் காரைத் தன் சொந்தக் காலால் ஓட்ட அவருக்கு இன்னும் பத்தே பத்து நாள் இருந்தது.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, துணிக் கூரை போட்ட, பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். நானா பல வருடம் சவூதியில் கராஜ் வேலை செய்தவர். யுத்தம் முடிந்து ஊருக்கு வந்தபிறகு, சிலாபத்துப் பக்கம் ஒரு தென்னந்தோட்டக்காரரின் லொறிகளைத் திருத்திக் கொடுத்துவந்தார். அங்கே கோழி அடைத்த கொட்டிலுக்குள் இது கிடந்தது. கழுவி எடுத்துக்கொண்டு போ என்று தோட்டக்காரர் சொன்னார். இரண்டு வருடம் தட்டிக் கொட்டி அதை ஓட வைத்தார் நானா. என் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்டைத்தான் அதற்கும் அடித்தார். ஊரில் அதற்கு மொட்டைக் கார் என்று பெயர்.

"அஞ்சு புள்ள பெத்த மனுசன் ரெண்டு பேர் ஏறுற கார் வச்சிருக்கிறார். மத்த நாலு பேரையும் டயர்லயா கட்டிப் போற?" என்று மதினி, அதாவது நானாவின் மனைவி, கேட்காத வெள்ளிக்கிழமை இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து நானா தொப்பியைக் கழற்றாமல் அந்தக் காரில் கற்பிட்டி வரைக்கும் போய்த் திரும்புவார். வேலை எதுவும் இருக்காது. போவார், வருவார்.

நான் அவரைக் கேலி செய்ததில்லை. தொண்ணூறில் இயக்கக்காரர்கள் முஸ்லிம்கள் எல்லோரையும் மன்னாரிலிருந்து போகச் சொன்னபோது, நானாவிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. வாங்கி ஒரு மாதம்கூட இல்லை. சாவியைக் கையில் வாங்கிக்கொண்டுதான் எங்களை வள்ளத்தில் ஏற விட்டார்கள். கற்பிட்டியில் வந்து இறங்கியபோது நாங்கள் எல்லோரும் அழுதோம், அவர் அழவில்லை. அதற்குப் பிறகு தங்கைமாருக்கும் பிள்ளைகளுக்கும்தான் எல்லாம் செய்தார். தனக்கென்று அவர் வைத்துக்கொண்டது இந்தக் கார் ஒன்றைத்தான்.

கிளச் பழுதாகி நாலைந்து மாதமாக அது என் வாடிக்குள்ளே நின்றது. வலையும் வள்ளத்து எஞ்சினும் வைக்கிற ஓலைக் கொட்டில் அது. புதுக் கிளச் தட்டைக் கத்தாரில் இருக்கும் மூத்த மகன் தேடிப்பிடித்து அனுப்பியிருந்தான். அது அலுமாரியில் சட்டைகளுக்கு நடுவே இருந்தது. அதற்குள் நானாவின் குதிகாலில் புண் வந்துவிட்டது. சீனி வருத்தக்காரருக்குப் புண் வந்தால் பிறகு புண் சொன்னபடிதான் ஆள் கேட்க வேண்டும்.

அந்த ரகக் காரில் கிளச்சைத் தொட வேண்டுமென்றால் எஞ்சினையும் கியர் பொக்ஸையும் சேர்த்தே வெளியில் தூக்க வேண்டும். நானா பிஸ்மி சொல்லி முதல் போல்ட்டில் ஸ்பனரை வைத்தார். இரண்டாம் நாள் கால் வீங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் கதிரையில் இருந்து மீன்பெட்டிமேல் காலை நீட்டிக்கொண்டு சொல்லச் சொல்ல, நான்தான் செய்தேன். நான் களப்பில் உச்சமுனைப் பக்கம் வலை போடுகிறவன். எனக்குத் தெரிந்தது வள்ளத்து எஞ்சின் மட்டும்தான். ஐந்தாம் நாள் வள்ளம் இழுக்கிற ஆறு பேரைக் கூப்பிட்டு, வாடி உத்தரத்தில் செயின் புளொக்கைக் கட்டி, கார் எஞ்சினைத் தூக்கி எடுத்தோம். பழைய தட்டு தேய்ந்து ஆணித் தலைகள் வெளியே தெரிந்தன.

"பாத்தியா, மனுசன் மாதிரித்தான்," என்றார் நானா. புதுத் தட்டை நடுவில் நிறுத்துவதற்கு ஒரு கருவி வேண்டுமாம். அது எங்களிடம் ஏது? பூவரசங்கட்டை ஒன்றை மடியில் வைத்துச் செதுக்கி, அவரே அதைச் செய்து தந்தார்.

அன்று பின்னேரம் அவருக்குக் காய்ச்சல் வந்து வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் பூட்டுவதற்காகப் புதுத் தட்டை அலுமாரியிலிருந்து கொண்டுவந்து வாடியில் வைத்தேன். சோளகக் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் தொழிலில் புது இரும்பு கைக்கு வந்தால் முதலில் பிஸ்மி, அடுத்தது கிறீஸ். இந்த உப்புக் காற்றில் ஒரு இராத்திரி சும்மா கிடந்தால் விடியும்போது துரு ஏறியிருக்கும். அது எனக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல, கையில் ஊறியது. வள்ளத்து எஞ்சினுக்குப் பூசுகிற கிறீஸை எடுத்து அந்தத் தட்டின் இரண்டு பக்கமும் நன்றாகத் தேய்த்தேன். பிள்ளைக்கு எண்ணெய் பூசுவதுபோலப் பொறுமையாகப் பூசினேன். காலையில் துணியால் துடைத்தேன். பளபளவென்று இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"தட்டத் துடைச்சியா?" என்று நானா கதிரையில் இருந்து கேட்டார்.

"ஓம் நானா, நல்லாத் துடைச்சி வச்சிருக்கன்."

பொய் இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. அவர் கண்ணும் அப்போது மங்கல், நான் தூக்கிக் காட்டியதைப் பார்த்துத் தலையாட்டினார். பூட்டினோம். எஞ்சினை உள்ளே இறக்கினோம்.

ஒன்பதாம் நாள் அஸர் தொழுதுவிட்டு நானா காரில் ஏறினார். சுற்றியிருந்த சீலையோடு இடது காலைத் தன் கையாலேயே தூக்கிக் கிளச்சில் வைத்தார். வலியில் முகம் சுருங்கியது. மதினி வாசலில் நின்று, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு பார்த்தார். எஞ்சின் உடனே பிடித்தது. முதல் கியரைப் போட்டுக் காலை மெல்ல எடுத்தார். எஞ்சின் கத்தியது, கார் நகரவில்லை. எக்ஸிலேட்டரை இன்னும் மிதித்தார். இரண்டு முழம் நகர்ந்து நின்றது. வாடியெல்லாம் ஒரு கருகல் நாற்றம்.

நானா எஞ்சினை நிறுத்தினார். அந்த நாற்றத்தை முகர்ந்து பார்த்தார்.

"தட்டுக்கு என்ன பூசின?"

"கிறீஸ்," என்றேன். "துருப் பிடிச்சிடும் எண்டு..."

கிளச் தட்டு வேலை செய்வதே உரசிப் பிடிப்பதால்தான். அதில் கிறீஸ் ஊறினால் துடைத்தும் போகாது. இதைச் சின்னக் கராஜில் துடைப்பம் பிடிக்கிறவன்கூட அறிவான். ஆறு நாள் அவர் பக்கத்தில் நின்ற நான் அறியவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது எல்லோருக்கும் நடக்கும். என் நானாவுக்கு அதைத் தட்டிவிட்டது என் கை. அப்போதே அந்த வாடி என்மேல் இடிந்து விழுந்திருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். இடது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தார். "நாளைக்கு எட்டு மணிக்கு வான் வரும். என்ட சாரன் ரெண்டு கழுவிக் கிடக்கு, எடுத்து வைக்கச் சொல்லு," என்றார்.

மறுநாள் வானில் போனார். அடுத்த நாள் அந்தக் காலை எடுத்தார்கள். அதைச் சீலையில் சுற்றி என் கையில்தான் தந்தார்கள், அடக்குவதற்கு. மையவாடியில் வாப்பாவின் கபுருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குழி தோண்டி அடக்கினேன். நல்ல பாரம் இருந்தது. வேறு யாரையும் தூக்க விடவில்லை.

நானா வீட்டுக்கு வந்தபிறகும் வாடிப் பக்கம் வரவில்லை. அவர் மூத்த மகன் இன்னொரு தட்டு அனுப்பினான். கத்தாருக்குப் போன் எடுத்து நான்தான் கேட்டேன், ஏன் என்றும் சொன்னேன். தட்டு வந்ததும் கைகளைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவிவிட்டுத்தான் தொட்டேன். பூவரசங்கட்டையை வைத்து நடுநிறுத்தி, அதே ஆறு பேரோடு எஞ்சினை இறக்கினேன். நானாவிடம் போய், "பூட்டிட்டன்," என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வெள்ளி, ஜும்ஆ முடிந்து, இரண்டு ஊன்றுகோலோடு அவர் வாடிக்கு வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார். நான் ஓட்டப்போகிறேன், அவர் பக்கத்தில் இருக்கப்போகிறார் என்று நினைத்து மற்றக் கதவைத் திறந்தேன்.

"அங்கால நீ ஏறு," என்றார்.

ஸ்டியரிங் பக்கம் அவர் ஏறினார். ஒரு ஊன்றுகோலை வெளியே சாய்த்துவிட்டு, மற்றதை என் கையில் தந்தார். "ரப்பர் நுனியக் கிளச்சில வை. அமத்தச் சொன்னா அமத்து. விடச் சொன்னா மெல்ல விடு. வலையிழுக்கிற மாதிரி வெட்டி இழுக்காத."

நான் குனிந்து, அவருடைய கால் இருக்க வேண்டிய இடத்தில் கோலை ஊன்றினேன்.

"அமத்து. இப்ப விடு. மெல்ல... மெல்ல."

கார் நகர்ந்தது. உதறவில்லை, கத்தவில்லை. வாடியைத் தாண்டிக் கிரவல் ஒழுங்கைக்கு வந்தோம். மதினி வாசலுக்கு ஓடிவந்தார். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"நானா, அந்தக் கிறீஸ் விசயத்தில நீங்க என்னப் பொறுத்துக்..."

"ரெண்டாவது கியர்," என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி. "அமத்து."

அமத்தினேன்.