சிலுவை இல்லாத நோட்டீஸ்

எங்கள் ஸ்டெல்லா மச்சாள் பிரதேச சபைத் தேர்தலில் தோற்றுவிட்டார். முடிவு வந்த மறுநாள் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சந்தைக்குப் போனேன். தோற்ற வீட்டுக்காரனுக்கு இவ்வளவு மிடுக்கா என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டுமே...

மச்சாள் என் மனைவியின் அக்கா. ஓய்வுபெற்ற ரீச்சர். காலை ஜெபம் முடியாமல் தேத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அவரை அரசியலுக்குள் இழுத்து வந்தது எந்தக் கட்சியும் அல்ல — கடல்.

சுனாமிக்குப் பிறகு, வாவிக்கரையில் இருக்கும் எங்கள் தேவாலய மண்டபம் முகாமானது. இந்துக்கள், முஸ்லிம்கள், வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே சீமெந்துத் தரையில் படுத்தார்கள். பொறுப்பு மச்சாளிடம். ஒருநாள் லொறி நிறைய நிவாரணத்தோடு வெளியூர்க் கிறிஸ்தவ ஊழியக்காரர் ஒருவர் வந்தார். மாலை ஜெபத்துக்கு வருகிறவர்களுக்கு முதலில் கொடுப்போம் என்றார்.

அப்படியென்றால் லொறியைத் திருப்புங்கள் என்று மச்சாள் சொல்லிவிட்டார்.

உள்ளே அத்தனை பேரும் பசியோடு இருக்கிறார்களே! அந்த மனிதர் மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தானே முதல் மூட்டையை இறக்கினார். வரிசையில் முன்னால் நின்று வாங்கியவர், கைக்குழந்தையோடு ஒரு முஸ்லிம் தாய்.

அன்றிலிருந்து கூடாரம், தண்ணீர், மலசலகூடம் என்று மச்சாள் ஏறாத அலுவலகம் இல்லை. யுத்தம் முடிந்து தேர்தல் வந்ததும், நீங்களே கேளுங்கள் என்று சனம் அவரை நிறுத்தியது.

எங்கள் தேவாலய வாலிபர் சங்கத் தலைவர் ஜூட் நோட்டீஸ் அடித்து வந்தார். மச்சாளின் படம், பக்கத்தில் பெரிய சிலுவை. ஞாயிறு ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. எனக்கும் அது கெட்டித்தனமாகவே பட்டது. மச்சாளின் முகம்தான் மாறிவிட்டது.

"வேதக்காரி எண்டதுக்காக எனக்கு வாக்குச்சீட்டில புள்ளடி போட வேணாம் மனே. நான் செய்த வேலையப் பார்த்துப் போடட்டும்."

ஜூட் விடவில்லை. மற்றவர்கள் தங்கள் தங்கள் சாமியைக் காட்டித்தானே வாக்குக் கேட்கிறார்கள், நாம் மட்டும் சும்மா இருந்தால் தோற்றுப்போவோம் என்றார்.

"தோத்தா நான்தானே தோக்கிறன். ஆண்டவர ஏன் எலக்சனில நிறுத்திறாய்?"

நோட்டீஸ் அத்தனையும் அலுமாரிக்குள் போனது. மச்சாள் வெறுங்கையோடு வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டார்.

சிலுவையைப் போட்டிருந்தால் வென்றிருப்பாரோ? இருக்கலாம். அரசியலில் விசுவாசத்துக்கு என்ன வேலை என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. நீட்டி முழக்கிப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. மச்சாளைக் காட்டுவேன். அவருடைய விசுவாசம், லொறியை மறித்த அன்று எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. நோட்டீஸில் அடித்தா காட்டவேண்டும்?

முடிவு வந்த பிறகு, திங்கட்கிழமை காலை மச்சாள் பிரதேச சபை அலுவலகத்துக்குப் போனார். கூடவே, யுத்தத்தில் இடம்பெயர்ந்து கரடியனாற்றுப் பக்கம் மீளக் குடியேறிய பெண்கள். அவர்களுக்குக் குடிதண்ணீர்க் கிணறு இல்லை.

தோற்றவர் வேலையைத் தொடங்கிவிட்டார். வென்றவர் இன்னும் ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறார்!