நேச நாடுகள் பற்றி நான் பேசியது

அந்தப் பேச்சுப் போட்டிக்குப் போயிருக்க வேண்டியவள் நான் அல்ல. பதினோராம் வகுப்பு அக்கா ஒருத்திக்குக் கொப்பளிப்பான் அம்மை வந்துவிட்டது. ஆறாம் வகுப்பில் இருந்த எனக்குக் குரல் பெரிது என்பதால், வரலாற்று ஆசிரியர் தலைப்பை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என் கையில் தந்துவிட்டார்: 'இரண்டாம் உலகப் போர் வெற்றியில் நேச நாடுகளின் பங்கு.' எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு போர்தான், இராணுவம் வென்ற எங்கள் ஊர்ப் போர். அது முடிந்து, அகதி முகாமிலிருந்து எங்கள் ஊரான தர்மபுரத்துக்குத் திரும்பி, தகரக் கொட்டிலில் நாங்கள் இருந்த இரண்டாம் வருடம் அது.

அப்பா நெளுக்குளத்தில் மேசன் வேலை செய்து, மாதத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் நானும் அம்மாவும், அம்மாவின் தம்பியான மாமாவும். இயக்கத்தில் இருந்தவர்களை அடைத்துவைத்த புனர்வாழ்வு முகாமிலிருந்து மாமா வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கிழமைக்கு ஒருமுறை இராணுவ முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். மற்ற நாட்களில் கச்சான் கடலைப் பயிருக்குத் தண்ணீர் இறைப்பார். யாரோடும் அதிகம் கதைக்க மாட்டார். ஆனால் என் துண்டுக் காகிதத்தைக் கண்டதும், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரே மூச்சில் இரண்டு பக்கம் எழுதித் தந்தார்.

நான் சத்தமாக வாசித்தேன். தனித்து நின்ற பிரிட்டனுக்கு அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக ஆயுதமும் உணவும் வந்தது, கிழக்கே சோவியத் படைகள் எதிரியை மறித்துப் பிடித்தது, எல்லாம் அதில் இருந்தன. கடைசியில், 'கூட்டாளிகள் இல்லாமல் எந்த நாடும் போரில் வெல்வதில்லை. வென்ற பிறகு அவர்களுடைய பெயர்களைச் சொல்வதுமில்லை' என்று முடித்திருந்தார்.

குசினியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது எந்தச் சண்டை?"

"ஜேர்மனிச் சண்டை, அக்கா. புத்தகத்தில கிடக்கிறதுதான்."

"கடைசியா வாசிச்சதும் கிடக்கோ?"

மாமா வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அந்த வரியை விட்டுவிடும்படி அம்மா எனக்குச் சொன்னார். கைதட்டு விழப்போவதே அதற்குத்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அழுது அடம்பிடித்து வைத்துக்கொண்டேன்.

நினைத்தபடியே கைதட்டு விழுந்தது. முதற்பரிசும் கிடைத்தது. பிரதம விருந்தினராக வந்திருந்த இராணுவ முகாம் அதிகாரிக்கு ஓரளவு தமிழ் தெரியும். பரிசாக ஓர் அகராதியைத் தந்தவர், என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி நான்காக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். என் பேச்சு அவ்வளவு பிடித்துவிட்டது என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அம்மா என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

மறுநாள் காலை வாசல் படலையில் இராணுவ ஜீப் வந்து நின்றது. அதிகாரி சிரித்த முகத்தோடுதான் இறங்கினார். கையில் என் காகிதம்.

"நல்ல பேச்சு. இது எழுதினது யாரு?"

நான் வாயெடுக்குமுன் அம்மா முன்னால் வந்தார்.

"நான்தான் எழுதினனான், சேர்."

அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். நிவாரண அட்டையில் தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதவே வெகுநேரம் எடுப்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பொய், சேர்! அம்மாவுக்கு எழுதத் தெரியாது. எங்கட மாமாதான் எழுதினவர்."

அதிகாரியும் சேர்ந்து சிரித்தார். கிணற்றடியில் நின்ற மாமா கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"கடைசி வசனம் எந்தப் புத்தகம்?"

"புத்தகத்தில இல்லை, சேர். நானா எழுதினது."

"நாளைக்கு கேம்புக்கு வாங்க. கதைப்பம்."

மறுநாள் காலையில் போன மாமா பொழுதுபடத்தான் திரும்பினார். அன்று முழுக்க அம்மா அடுப்பு மூட்டவில்லை.

"அடிச்சவங்களோ?"

"இல்லை, அக்கா. தேத்தண்ணி தந்தவை. பேர் சொல்லாத நாடுகள் எது எதெண்டு கேட்டவர். எந்தச் சண்டையில எண்டு நான் கேட்டன். அதை நீயே சொல்லு எண்டிட்டுச் சிரிச்சுக்கொண்டிருந்தவர்."

"நீ என்ன சொன்னனீ?"

"எனக்கு ஜேர்மனிச் சண்டை மட்டும்தான் தெரியும் எண்டன்."

அந்த அதிகாரி உண்மையாகவே வரலாற்றில் ஆர்வமுள்ளவராக இருந்திருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன்பிறகு மாமா கிழமைக்கு இரண்டு தடவை கையெழுத்து வைக்கப் போனார் என்பது மட்டும் தெரியும்.

அடுத்த வருடமும் போட்டி வந்தது. தலைப்பு 'மரம் வளர்ப்போம்.' கொப்பியையும் பேனையையும் கொண்டு மாமாவுக்குப் பின்னாலேயே திரிந்தேன். அவர் பேனையைத் தொடக்கூட இல்லை.

"புத்தகத்தைப் பார்த்து நீயே எழுது, பிள்ளை."

எழுதினேன், ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. அதன்பிறகு பல மாதம் மாமாவோடு நான் கதைக்கவே இல்லை. போன வருடம் தான் எழுதியதற்கு என் பெயரில் பரிசு வந்துவிட்டதே என்று அவருக்குப் பொறாமை என்றுதான் நான் நம்பியிருந்தேன்.