ஆல் ரைட் சார்

மருத்துவக் குழுவின் முன்னால் என் அக்காவின் கணவர் விறைப்பாக நின்ற நிற்பு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. முகம் மழித்து, அக்கா கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையில் போயிருந்தார். உடம்புக்கு என்ன என்று ராணுவ டாக்டர் கேட்டதும் குதிகாலைச் சேர்த்து, "ஆல் ரைட் சார்" என்றார். அதிகாரி கேட்டால் சிப்பாய்க்கு வேறு பதில் தெரியாது. மனநோய் குணமாகிவிட்டது, அவர் போய்வந்த பர்மா சண்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எழுதி ஊனப் பென்ஷனை மறுத்துவிட்டார்கள்.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் திண்டிவனத்தில் பள்ளி ஆசிரியன். மேல்முறையீட்டை ஆங்கிலத்தில் எழுதி, தபாலில் சேர்க்கும்வரை பக்கங்களைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். பயம் வந்தால் எனக்கு எண்ணத்தான் தோன்றும். பயப்படக் காரணமும் இருந்தது. இருட்டிவிட்டால் மாமா வாசலை விட்டு அசையமாட்டார். தடியைத் தோளில் சாய்த்து விடியும்வரை நிற்பார். கண்ணயர்ந்த நேரத்தில் தொட்டால் கழுத்தைப் பிடிப்பார். அக்காவின் கழுத்தில் அவர் விரல்கள் பதிந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவள் காட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிக் கொண்டுவந்த கூலியில்தான் வீடு ஓடியது.

விழுப்புரத்துக்கு மறுபரிசோதனைக்கு வரும்படி உத்தரவு வந்ததும் என் தூக்கம் போயிற்று. மறுபடியும் 'ஆல் ரைட்' என்றால் பென்ஷன் கிடையாது. உள்ளபடி காட்டினாலோ, அங்கிருந்தே பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால்? "அவர புடிச்சிக்கினு போயிட்டா நான் என்னா பண்ணுவேன் தம்பி?" என்றாள் அக்கா. ரயிலில் மாமாவை எங்கள் நடுவில் உட்காரவைத்தோம். எஞ்சின் ஊதும்போதெல்லாம் அவர் தொடை நடுங்கியது.

டாக்டர் கேட்டார். மாமா அதே விறைப்பில் அதையே சொன்னார். டாக்டர் பேனாவைத் திறந்தார். கதவோரம் நின்ற அக்கா, வெளியாள் முன் வாய் திறக்காதவள், முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

"ஆபீசர் கேட்டா அப்டித்தாங்க சொல்லுவாரு. ஒரு ராத்திரி எங்க வூட்ல படுத்துப் பாருங்க. அப்பறமா எழுதுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. நீ போகலாம் என்றார் மாமாவிடம். மாமா நகரவில்லை.

"இன்னும் ரெண்டு பேரு வரணும் சார். ரோந்து போனவங்க. காவலுக்கு நாந்தான் சென்ட்ரி."

டாக்டர் நீண்ட நேரம் எழுதினார். ஆளைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. சில மாதங்களில் பென்ஷன் வந்தது. ஆனால் அது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். பிறகு மறுபடி சோதிப்பார்கள், குணமாகியிருந்தால் நிறுத்திவிடுவார்கள்.

அடுத்த சோதனைக்குச் சில நாள் முன்பு காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெயில் ஏறியும் மாமா உள்ளே பாயில் குழந்தைபோல் தூங்கிக்கொண்டிருந்தார். அப்படி அவரை நான் கண்டதே இல்லை. அக்கா அடுப்பு மூட்டாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், முகம் வெளுத்திருந்தது.

"ராத்திரி உள்ளயே படுத்துட்டாரு தம்பி," என்றாள் மெல்ல. "நல்லாயிட்டாரோ?"

இருவரும் இன்று இல்லை. அந்தக் கேள்வியை அவள் எந்தப் பயத்தோடு கேட்டாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஏனென்றால் அதே பயத்தோடுதான் நானும், அவர் விழித்துவிடாதபடி, தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடாதபடி, கதவைச் சாத்தினேன்.