கல்லறைக்கு வராத நாத்தனார்

என் நாத்தனாரின் நார்ப்பெட்டியில் பாதி எரிந்த மெழுகுவர்த்தி ஒன்று கிடந்தது. அவர் இறந்தபின் துணிகளை எடுத்து வைக்கும்போது கையில் தட்டுப்பட்டது. ஒரே ஒரு ஈஸ்டர் விடியலில் எரிந்தது அது.

மைசூரில் எங்கள் தமிழ்ச் சபையாருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டர் அன்று கிழக்கு வெளுக்குமுன் கல்லறைத் தோட்டத்தில் கூடி, அவரவர் வீட்டுக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, ஆண்டவர் உயிர்த்தெழுந்ததைப் பாடுவோம். வராதவர்களைப் பற்றி ஒரு வாரமாவது பேசுவோம். எங்கள் நாக்கு அப்படி.

நாத்தனார் விதவை. வீடு வீடாகப் போய் வேதம் வாசிப்பது அவருடைய ஊழியம். பிளேக் வந்த வருஷம் வேதத்தோடு கஞ்சிப் பானையையும் சுமந்தார். ஊருக்கு வெளியே போட்டிருந்த கொட்டகை ஒன்றில், கொள்ளேகால் பக்கத்துக் கூலிக்காரன் ஒருவனும் அவன் மனைவியும் காய்ச்சலில் கிடந்தார்கள். எழுந்து தண்ணீர் மொள்ள இருவருக்குமே தெம்பில்லை. தினமும் விடியுமுன் நாத்தனார்தான் போய் வாயில் ஊற்றிவிட்டு வருவார். அந்த ஈஸ்டர் அன்று மட்டும், கணவரின் கல்லறைக்குப் போய்விட்டுப் போகலாம் என்று நினைத்துவிட்டார். போதகரின் ஜெபம் நீண்டது. நடுவில் எழுந்து போக இவருக்குக் கூச்சம். வெயில் ஏறியபின் கொட்டகைக்குப் போனபோது அந்தப் பெண் இறந்திருந்தாள்.

அதன்பின் நாத்தனார் ஈஸ்டர் விடியலில் கல்லறைக்கு வந்ததே இல்லை. அந்த நேரத்தில் படுத்த படுக்கையாய் இருக்கும் யாருக்காவது கஞ்சி ஊற்றிக்கொண்டிருப்பார். விசுவாசம் போய்விட்டது என்று சபையில் முணுமுணுத்தார்கள். ஒருநாள் போதகரே வீட்டுக்கு வந்து கேட்டார்.

“உயிர்த்தெழுதல நம்பறேன் ஐயா. நம்பறதாலதான் பயமா இருக்கு. அவ முகத்த மறுபடி பாக்கணுமே,” என்றார் நாத்தனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. போதகர் போனபின், “அவள் உங்களைத் திட்டவா போகிறாள், அண்ணி?” என்று கேட்டேன். திட்டினால் தாங்கிக்கொள்வேன் என்றார். பிழைத்துக்கொண்ட அந்தக் கணவனிடம் அவர் ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவன் சொன்னானாம்:

“கோவமெல்லாம் இல்லீங்கக்கா. வாசலையே பாத்துக்கிட்டு, ‘அக்கா இப்ப வந்துரும், இப்ப வந்துரும்’னு எனக்குத் தைரியஞ் சொல்லிக்கிட்டே கெடந்தா.”

இந்த வருஷ ஈஸ்டரில் நாத்தனாரின் கல்லறையைச் சுற்றி நின்று நாங்கள் பாடினோம். அவர் போய்க்கொண்டிருந்த வீடுகள் எல்லாம் எனக்குத் தெரியும். அன்று விடியலில் யார் யார் வாசலையே பார்த்துக் கிடப்பார்கள் என்பதும் தெரியும். பாட்டு முடியும்வரை நின்றேன்.