நாலு செகண்டு வெளிச்சம்

எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து மெஷினில் தைக்கும் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுநடுவே எங்கள் நிர்வாக அதிகாரியைத் திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. பதினோரு வருஷமாக ஒரே அறையில் வேலை செய்கிறோம். முதல் வருஷம் "நீங்க" என்றேன், இரண்டாம் வருஷம் "நீ" ஆகிவிட்டது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கிழிந்த படுக்கை விரிப்பும், நாடா அறுந்த ஆபரேஷன் அங்கியும், எலாஸ்டிக் தளர்ந்த நோயாளிக் கால்சட்டையும் எங்கே போகின்றன என்று யாரும் யோசிப்பதில்லை. எங்களிடம்தான் வருகின்றன. சலவைக்கூடத்துக்குப் பின்னால், பாதி தரைக்குக் கீழே இறங்கிய அறை. இரண்டு மெஷின், இரண்டு ஸ்டூல், ஓர் இஸ்திரி மேஜை, கூரைவரை துணி மூட்டை. கூரையை ஒட்டி ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியாக ஆம்புலன்ஸ் சக்கரம் போவது தெரியும். அங்கிருந்து வரும் வெயில் எதிர்ச்சுவரில் விழும், எங்கள் கண்ணில் விழும், ஊசியில் மட்டும் விழாது. இரண்டு டியூப் லைட் இருந்தன. ஒன்று செத்து இரண்டு வருஷம். மற்றது சாகலாமா வேண்டாமா என்று துடித்துக்கொண்டிருந்தது. மாற்றச் சொல்லி எத்தனை மனு! "போதிய வெளிச்சம் உள்ளது" என்று ஒரே பதில். எழுதியவர் ஒரு நாளாவது படி இறங்கி வந்து பார்த்திருப்பாரா? செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. புருஷன் பஸ் ஓட்டுகிறார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அக்காவின் தம்பி புதுக் காமிரா வாங்கிக்கொண்டு பழையதை அவள் தலையில் கட்டினான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று அக்காவும் வாங்கிக்கொண்டாள்.

முதலில் தன் சமையலறை ஜன்னலைத்தான் எடுத்துப் பார்த்தாள். மூன்றாவது மாடி. வெளியே எதிர்வீட்டு மொட்டை மாடியில் துணி காயும், தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பின்னால் ஒரு மரம். உள்ளே அவள் துலக்கிக் கவிழ்த்த பாத்திரங்கள். ஜன்னல் தெரிகிற மாதிரி எடுத்தால் சமையலறை தார் பூசியது போல இருந்தது. சமையலறை தெரிகிற மாதிரி எடுத்தால் ஜன்னல் சலவைக்குப் போட்ட வெள்ளை விரிப்பாகிவிட்டது.

மறுநாள் என்னிடம் வந்து பொரிந்து தள்ளினாள். "என் கண்ணுக்கு ரெண்டும் தெரியுதுடி! அந்த முண்டத்துக்கு மட்டும் ஏன் தெரியல?"

அந்தக் கோபத்தில்தான் ஹெச்டிஆர் என்கிற வித்தை அவளுக்குக் கிடைத்தது. மகள் விட்டுப்போன கம்ப்யூட்டரில் தேடித் தேடிக் கற்றுக்கொண்டாள். காமிராவை அசையாமல் வைத்து ஒரே காட்சியை மூன்று தடவை எடுக்க வேண்டும். ஜன்னலுக்காக ஒரு படம், அதற்குக் காமிரா கண்ணைச் சிமிட்டினால் போதும். நடுத்தரமாக ஒன்று. இருட்டு மூலைக்காக ஒன்று, அதற்குக் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்திருக்க வேண்டும். பிறகு மூன்றிலும் நன்றாக இருக்கிற பாகங்களை எடுத்துக் கம்ப்யூட்டர் ஒன்றாக ஒட்டிவிடும். அக்காவுக்கு இது உடனே பிடிபட்டது. ஒட்டுப்போடுவதுதானே எங்கள் பிழைப்பு!

ஆரம்பத்தில் அவள் செய்த அட்டூழியத்தையும் சொல்ல வேண்டும். வானம் அடிபட்ட இடம் மாதிரி ஊதாவாக வரும். மரத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் இருக்கும். "மரத்துக்கெல்லாம் ஞானம் வந்துடுச்சா?" என்று கேட்டார் அவள் புருஷன். ஒரு நாள் அவர் டீ கிளாஸோடு குறுக்கே போக, ஒட்டிய படத்தில் மூன்று பேராக நின்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒண்ணையே சமாளிக்க முடியல. மூணா?"

இப்படி அசைந்து நிழலாக விழுவதை இந்தக் கலைக்காரர்கள் பேய் என்கிறார்கள். பேயை ஓட்ட ஒரு பட்டனும் உண்டு. அதை அமுக்கினால் நடுப்படத்தில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டிலும் அசைந்ததைத் துடைத்துவிடும். "இவ்ளோ சுலபமா? உன் தம்பி வர்றப்போ ஒரு தடவை அமுக்கிப் பாரு" என்றாராம் புருஷன்.

ஆறு மாதத்தில் அக்காவின் கை திருந்தியது. அந்த சமயத்தில்தான் என் விரலில் ஊசி இறங்கியது.

கரும்பச்சை அங்கி, கரும்பச்சை நூல். ஜன்னல் வெயிலில் கண் கூசியது, லைட் துடித்தது. இடது ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு மெஷின் ஊசி மறுபக்கம் வந்துவிட்டது. அக்காதான் சக்கரத்தைக் கையால் பின்னுக்குச் சுற்றி விரலை எடுத்தாள். மேலே கூட்டிப்போய்க் கட்டுப் போட்டார்கள். நிர்வாக அதிகாரி விபத்து அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் ஒரே வார்த்தை எழுதினார்: கவனக்குறைவு.

எனக்கு அது இரண்டாவது கவனக்குறைவு. முதலாவது, லைட் செத்த வருஷம் வாங்கியது. இரண்டாவது வந்தால் விசாரணை, மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்பது அங்கே விதி. அந்த இருட்டில் மூன்றாவது வருவதற்கு எத்தனை நாள் ஆகும்? பதினோரு வருஷம் ஊரார் கிழித்ததை எல்லாம் தைத்தவளுக்குக் கவனம் இல்லையாம்!

"மனுவை யாரும் படிக்கிறதில்ல. படமா குடுத்தா பார்ப்பாங்க" என்றாள் அக்கா. இஸ்திரி மேஜையில் காமிராவை வைத்தாள். "நீ பாட்டுக்குத் தைச்சுக்கிட்டு இரு. ஆனா அசையாதே" என்றாள். அசையாமல் எப்படித் தைப்பது? முதல் படம் எடுத்ததும் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆள் வந்து அங்கிக்காகக் கதவைத் தட்டினார். எழுந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதற்குள் நடுப்படத்தை எடுத்துவிட்டாள். மூன்றாவதுக்கு நான் மெஷினில் இருந்தேன்.

மறுநாள் ஒட்டிய படத்தைக் கொண்டுவந்தாள். உள்ளதைச் சொல்ல வேண்டும், நானும் வாயைப் பிளந்தேன். நூற்கண்டுகளின் நிறம், மூட்டைகளில் எழுதிய எண், ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் சக்கரத்தின் சேறு, எல்லாம் அத்தனை துல்லியம். எங்கள் அறையா இது என்று இருந்தது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் ஸ்டூல் காலியாக இருந்ததுகூட என் கண்ணில் படவில்லை. அக்கா பேயை ஓட்டும் பட்டனை அமுக்கியிருந்தாள். நான்தான் பேய்.

மனுவோடு படத்தையும் கொடுத்தோம். அதிகாரி படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா, பளிச்சுன்னு இருக்கே! நூலை எண்ணலாம் போல இருக்கு. இதுலயா வெளிச்சம் இல்லைங்கறீங்க?"

"சார், அது மூணு படத்தைச் சேர்த்து..." என்று அக்கா தொடங்கினாள்.

"உங்க படமே சொல்லுதேம்மா" என்று சொல்லிக் கோப்பில் வைத்துக் கட்டினார். அதோடு விட்டாரா? அடுத்த வாரம் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, ஆஸ்பத்திரி வாசலில், வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கிற இடத்தில் மாட்டினார். கீழே எழுத்து வேறு: "நமது ஒளிமிகு தையல் பிரிவு." தைக்கிறவள் ஒருத்திகூட இல்லாத தையல் பிரிவு! அந்தப் படத்தைத் தாண்டித்தான் நான் தினமும் கட்டுப்போட்ட விரலோடு படி இறங்கினேன்.

நான் அக்காவை விடவில்லை. "சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ என் காசுல வெச்சுட்டே. உன் படம் அழகா வரணும், என் வேலை போகணும், அப்படித்தானே?" என்று கத்தினேன். இரண்டு நாள் இரண்டு மெஷின் சத்தம் மட்டும்தான் அறையில் இருந்தது. அவள் வெள்ளை விரிப்பில் பச்சை நூலால் தைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது, ஆனாலும் என் கோபம் போகவில்லை.

மூன்றாம் நாள் அவளே வந்தாள். "பொய் சொன்னது காமிரா இல்லடி, நான்தான். அழகா இருக்கணும்னு இருட்டையெல்லாம் தூக்கித் தூக்கி வெளிச்சமாக்கினேன். உன்னையும் துடைச்சுட்டேன். ஆனா ஒட்டறதுக்கு முன்னாடி எடுத்த மூணும் அப்படியே இருக்கு. விசாரணைக்கு நானும் வர்றேன்."

விசாரணை இரண்டாவது மாடியில், அதிகாரியின் அறையில். ஆளுயர ஜன்னல், நாலு டியூப் லைட், போதாதென்று மேஜை விளக்கு. அதிகாரியும் தலைமை நர்ஸும் உட்கார்ந்திருந்தார்கள். எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா.

"உங்களை யாரு கூப்பிட்டது?" என்றார் அதிகாரி அக்காவைப் பார்த்து.

"வாசல்ல மாட்டியிருக்கீங்களே சார், அந்தப் படத்தை எடுத்தவ நான். அதுல பாதியைத்தான் நீங்க பார்த்திருக்கீங்க. மீதியைக் கொண்டுவந்திருக்கேன்."

மூன்று படங்களையும் மேஜையில் வரிசையாக வைத்தாள். முதலாவதில் ஜன்னல் மட்டும் தெரிந்தது, அறை கரிக்கட்டை. இரண்டாவது மங்கல், என் ஸ்டூல் காலி. மூன்றாவதில்தான் அறை தெரிந்தது. மெஷினுக்கு முன்னால் நான் இருந்தேன். தோள்வரை நான்தான். அதற்குக் கீழே ஏதோ வெள்ளையாகக் கலைந்திருந்தது.

தலைமை நர்ஸ் குனிந்து பார்த்தார். "இது என்ன, புகையா?"

"அது இவ கை, மேடம்" என்றாள் அக்கா. "அந்த அறை தெரியணும்னா காமிரா நாலு செகண்டு கண்ணை மூடாம பார்க்கணும். நாலு செகண்டுல இவ கை எவ்வளவு தூரம் ஓடும்? அதான் புகையாயிடுச்சு. காமிரா நாலு செகண்டு முறைச்சுப் பார்த்தும் தெரியாத கையை, ஓடுற ஊசிக்குப் பக்கத்துல இவ வெச்சுக்கிட்டு இருக்கா."

பிறகு காமிராவை அதிகாரியின் மேஜைமேலேயே வைத்தாள். "எதையும் மாத்தல சார். நேரம் மட்டும்தான் வேற. அதே அளவு தெளிவா வர்றதுக்கு உங்க அறைக்கு எவ்வளவு நேரம் வேணும்னு பார்ப்போம்." இரண்டு மூன்று தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத் திரையை நர்ஸிடம் நீட்டினாள். "கால் செகண்டு. நீங்க கையெழுத்துப் போடுற வெளிச்சத்துல பதினாறுல ஒரு பங்குலதான் நாங்க தைக்கிறோம்."

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "காமிராவுல என்ன வேணும்னாலும் பண்ணலாம். இதெல்லாம் ஒரு ஆதாரமா?"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். நான் என்ன வேணும்னாலும் பண்ணினதைத்தான் நீங்க ஆதாரம்னு கோப்புல கட்டி, சட்டம் போட்டு மாட்டி வெச்சிருக்கீங்க."

குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்தார். "எழுதுங்க" என்றார் தலைமை நர்ஸ். எழுந்து, "வாங்க, கீழே போய் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடுவோம்" என்று அதிகாரியையும் கிளப்பினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அதிகாரி எங்கள் படியில் இறங்கினார். கடைசிப் படி தெரியாமல் தடுமாறி இஸ்திரி மேஜையைப் பிடித்துக்கொண்டார். "பார்த்து வாங்க சார், கவனம்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கிடைத்ததற்காக என் நகத்தை இன்னொரு தடவைகூடக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

ஒரே வாரத்தில் நாலு டியூப் லைட் வந்தன. இரண்டு வருஷ மனுவுக்கு வராதது! வாசல் படத்தைக் கழற்றச் சொல்லி அக்கா அதிகாரியிடம் போய்க் கேட்டாள். "இப்போதான் நிஜமாவே வெளிச்சமா இருக்கே, அப்புறம் என்ன?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. அக்கா இப்போதும் லீவு நாளில் படம் எடுக்கிறாள், மூன்று மூன்றாக. ஆனால் ஒட்டும்போது மூலையில் கொஞ்சம் இருட்டை இருட்டாகவே விட்டுவைக்கிறாள். மூன்றாவது படம், அந்தப் புகைக் கைப் படம், என் மெஷினுக்கு மேலே சுவரில் இருக்கிறது.

போன வாரம் திருத்திய விபத்து அறிக்கையின் நகல் என் கைக்கு வந்தது. காரணம் என்ற இடத்தில் "வெளிச்சக்குறைவு" என்று புதிதாக எழுதியிருக்கிறார்கள். வேறு தாளில் எழுதக் கூடாதா? பழைய வார்த்தையின்மேல் ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டு அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மெஷின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோட்டுக்கு அடியில் "கவனக்குறைவு" இன்னும் இருக்கிறது. இப்போது வெளிச்சம் வந்துவிட்டதல்லவா, ஓர் எழுத்து விடாமல் படிக்க முடிகிறது.